சாய்ந்த மரத்தின் கிழக்குப் பக்கம்

மரம் விழவில்லை. விழுவதற்கான எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, கடைசி நொடியில் ஏதோ நினைவு வந்ததைப் போலச் சாய்ந்தபடி நின்றது.

கஸ்பார் லாரியிலிருந்து இறங்கியவர் கதவைச் சாத்த மறந்து நின்றார். இருபத்தாறு வருஷமாக அவருக்கு மரங்களோடுதான் பிழைப்பு. ஈப்போ சாலையோரத்து மரங்களைக் கழிப்பது, பட்டுப்போனதை இறக்குவது, சாய்ந்ததைக் கட்டி நிறுத்துவது என்று எத்தனையோ பார்த்தாயிற்று. இருந்தும் இந்த ஒன்றின் முன்னால் வந்து நின்றால் கழுத்து தானாக நிமிரும், பேச்சு தானாக நிற்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இது அவர் பிறந்த தோட்டத்து மரம்.

கோப்பெங் ஊரைத் தாண்டி உள்ளே ஆறு மைல். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து, ஆட்கள் ஈப்போ, கமுந்திங் என்று கலைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. தகரக்கூரை போட்ட சின்ன மாதா கோயிலும் அதன் பின்னால் இந்த மரமும்தான் மிச்சம். தோட்டத்தார் இதை அஞ்சுமணி மரம் என்பார்கள். சாயங்காலம் ஐந்தானால் இலைகளெல்லாம் கைகூப்பினாற்போல் மடிந்துகொள்ளும். மழை வருவதற்கு முன்னாலும் அப்படியே. ஆறு பேர் கைகோத்தால்தான் அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க முடியும். கிளைகளில் பாசியும் பெரணியும் மண்டி, அது தனக்கென்று ஒரு காட்டையே மேலே வளர்த்து வைத்திருந்தது.

பத்து நாள் விடாத மழைக்குப் பிறகு, வியாழக்கிழமைக் காற்றில் அது மேற்கே, கோயில் பக்கமாகச் சாய்ந்தது. கிழக்குப் பக்கத்து வேர்கள் மண்ணோடு கிளம்பி, கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு விழுந்திருந்தது. திங்கட்கிழமை வெட்டிவிடுவோம் என்று உள்ளூராட்சி மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. அதற்குள் கட்டி நிறுத்த முடிந்தால் பார்க்கலாம் என்று பங்குச் சாமியார் கஸ்பாரின் கம்பெனிக்குச் சொல்லியனுப்பினார். இன்று சனி.

"அண்ணே, இது மரமா, மாவட்டமா?" மண்தோண்டி இயந்திரத்தை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டே சுரேன் கேட்டான். "இந்தப் பக்கம் மழ பேஞ்சா அந்தப் பக்கம் வெயில் அடிக்கும் போலயே லா."

கஸ்பார் கோயில் பக்கம் பார்த்தார். கோயிலுக்குப் பின்னால், மரம் சாய்ந்து நிற்கிற பக்கத்தில், அவர் மனைவி ரோசரி மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பெரிய வேரின் மடிப்பில் செம்பருத்தியும் ஒரு மெழுகுவத்தியும் வைத்திருந்தாள். அந்த இடத்தைக் காப்பாற்றத்தான் ஈப்போவிலிருந்து விடாப்பிடியாக லாரியில் ஏறி வந்திருந்தாள்.

"ஆன்ட்டி! அங்க உக்காராதீங்க, ப்ளீஸ்!" தினேஸ்வரி ஓடினாள். மரங்களைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள். இந்த வேலைக்கு அவள்தான் பொறுப்பு. "மரம் சாஞ்சிருக்கிறதே அந்தப் பக்கம்தான்."

"விழுந்தா மொதல்ல என் மேல விழட்டும்மா."

"விழுந்தா உங்க மேல மட்டும் விழாது, என் வேல மேலயும் விழும். வாங்க, லாரிப் பக்கம் வாங்க."

ரோசரி முனகிக்கொண்டே நாற்காலியை மடக்கினாள். எழுந்தவள் நேராக தினேஸ்வரியிடம் போய்க் கேட்டாள். "மண்ணுக்குள்ள என்னமோ எறக்குவீங்களாமே, அது எங்க?"

தினேஸ்வரி கையிலிருந்த தாளைக் காட்டினாள். "பத்து மீட்டர் உசரத்துல மரத்துக்கு அகலமான பெல்ட் போட்டு, அதுலேர்ந்து மூணு கேபிள் இழுப்போம். கேபிளோட மறுமுனைய மண்ணு புடிச்சிக்கணும். அதுக்குத்தான் இது." புல்லில் கிடந்த நீண்ட இரும்புத் தண்டுகளைக் காலால் தொட்டாள். அவற்றின் அடியில் திருகாணிக்கு இருப்பதுபோல் வட்டத் தகடுகள் சுற்றியிருந்தன. "மரம் மேக்கால சாஞ்சிருக்கு, அதனால எல்லாம் கெழக்காலதான். உங்க பக்கம் ஒரு ஆணிகூட எறங்காது ஆன்ட்டி."

ரோசரி நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டாள். அவள் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத தெளிவு வந்தது. கஸ்பார் கிழக்குப் பக்கத்து மண்ணைப் பார்த்தார்.

முப்பத்துமூன்று வருஷத்துக்கு முந்தி ரோசரியின் தலைப்பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, சிலுவை நாட்டவும் கூடாது என்பது அந்தத் தோட்டத்து உபதேசியார் வைத்த சட்டம். அவர் கண்டிப்பானவர், சாமியார் வராத மாதங்களில் அவர் சொல்தான் வேதம். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று தோட்டத்தில் ஒரு முறை இருந்தது. தகப்பன் மட்டும் தனியாகத் தூக்கிப் போக வேண்டும். விடிந்து ஆட்கள் வேலைக்குக் கூடுமுன் முடித்துவிட வேண்டும். அஞ்சுமணி மரத்துக்குக் கிழக்கே, ரப்பர் காட்டைப் பார்த்த பக்கம் குழி. குழியின் மேல் ஒரு மங்கைக் கவிழ்த்து வைப்பார்கள். மங்கு என்பது ரப்பர் மரத்தில் கட்டிப் பால் பிடிக்கிற மண்கிண்ணம். வைத்த பிறகு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். எந்த இடம் என்று தாய்க்குச் சொல்லக் கூடாது. சொன்னால் அவள் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள் என்றார்கள்.

கஸ்பார் எல்லாவற்றையும் முறைப்படி செய்தார், ஒன்றைத் தவிர. கவிழ்ப்பதற்கு முன், பால் வெட்டும் உளியின் முனையால் மங்கின் உள்பக்கத்தில் ஒரு சிலுவை கீறினார். கவிழ்த்துவிட்டால் அது யார் கண்ணிலும் படாது. பிள்ளை பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். அவ்வளவுதான் நினைத்தார். ஆனால் சட்டத்தை மீறிய பயம் போகவில்லை. சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

நாற்பது நாள் கழித்து எழுந்து நடந்த ரோசரி கேட்டாள், எந்த இடம் என்று. ஒருநாள் இல்லை, தினம் கேட்டாள். சோறு போடும்போது கேட்டாள், விளக்கை அணைக்கும்போது கேட்டாள். கஸ்பார் போய்த் தேடிப் பார்த்தார். பனிமூட்டத்தில் தோண்டிய இடம். அதன்மேல் ஒரு மாத மழையும் சருகும். மங்கைக் காணவில்லை. அந்தப் பக்கம் இன்னும் எத்தனை பேர் எதைப் புதைத்தார்கள் என்பதும் தெரியாது. யாரும் திரும்பிப் பார்த்ததில்லையே. வீட்டுக்கு வந்தவர் அவளைக் கூட்டிப்போய், கோயிலுக்குப் பின்னால் மேற்குப் பக்கத்து வேர் ஒன்றைக் காட்டினார். அழகான வேர், தொட்டில் போல வளைந்தது. அவளால் அன்றைக்கு அதிக தூரம் நடக்கவும் முடியவில்லை.

அன்றிலிருந்து அவள் அங்கேதான் பூ வைக்கிறாள். பிறகு மகள் சமந்தா பிறந்தாள், வளர்ந்தாள், வேலைக்கும் போய்விட்டாள். கல்லறைத் திருநாள் தவறியதில்லை.

இந்த மாதிரி மரத்தில் கயிறு போட்டு ஏறக்கூடாது. ஆளைத் தூக்கும் ஸ்கைலிஃப்ட் கூடையில் நின்று கஸ்பார் மேலே போனார். பத்து மீட்டர் உயரத்தில் பெல்ட்டைச் சுற்றிவிட்டு, பட்டை நசுங்காமல் இருக்கக் கையால் தடவித் தடவிச் சரிசெய்தார். அடிமரம் அங்கேயும் ஒரு வீட்டுச் சுவர் போல அகலமாக இருந்தது. காது கொடுத்தார். உள்ளே எங்கோ ஆழத்தில் ஒரு முனகல். படுத்த மாடு மூச்சு விடுவதைப் போல, நீண்டு, நின்று, மறுபடி நீண்டது. இத்தனை கனத்தைத் தூக்கிக்கொண்டு ஒன்று பேசாமல் நிற்கிறது என்ற நினைப்பில் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. தூரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள் வெள்ளை விலா எலும்பைக் காட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்குப் பின்னால் வானம் கறுத்திருந்தது.

கீழே, கிழக்கே, தினேஸ்வரி சிவப்புச் சாயம் தெளித்த மூன்று புள்ளிகள் தெரிந்தன.

அவற்றில் எது, எங்கே, யார் மேல்? அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் அவரிடமிருந்த ஒரே உண்மை. வாய் திறக்காவிட்டால் மரம் நிற்கும், ரோசரியின் பூவும் அந்த வேரிலேயே இருக்கும். அந்த இரும்புத் தகடு மட்டும் சுற்றிச் சுற்றி மண்ணுக்குள் இறங்கும். வாய் திறந்தால்? கூடை இறங்கும் வரை அவர் மரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"அக்கா, வானத்தப் பாத்தீங்களா?" சுரேன் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தபடி தினேஸ்வரியிடம் கத்தினான். "மணி ரெண்டரைதான் ஆவுது, மரம் தூங்கப் போவுது!"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இலைகள் மடிந்துகொண்டிருந்தன. முதலில் உச்சியில், பிறகு படிப்படியாகக் கீழே. ஓசையே இல்லாமல், ஆயிரக்கணக்கில், ஒன்றை ஒன்று பார்த்து. நிழல் தரையில் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. 

"ஒரு மணி நேரத்துல மழ," என்றாள் தினேஸ்வரி. "கேபிள் இல்லாம இந்தக் காத்த இது தாங்காது. எறக்கு சுரேன்."

இயந்திரத்தின் கை நீண்டு, தண்டு செங்குத்தாக நின்று, தகட்டின் விளிம்பு முதல் புள்ளியைத் தொட்டது. புல் கிழிந்தது.

"நிறுத்துடா!"

தன் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று கஸ்பார் நினைக்கவில்லை. சுரேன் பதறி விசையை விட்டான்.

"என்னாச்சு அண்ணே?"

"கீழ பிள்ளைங்க இருக்கு."

யாருக்கும் புரியவில்லை. கஸ்பார் தினேஸ்வரியைப் பார்த்துத்தான் சொன்னார். ரோசரியைப் பார்த்துச் சொல்லத் திராணியில்லை. தோட்டத்து முறை, விடியற்காலை, மங்கு, திரும்பிப் பார்க்காமல் வந்தது எல்லாவற்றையும் சொன்னார். "கெழக்காலதான் பொதைப்போம். எங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது." அவர் நிறுத்தினார். "நம்ம பிள்ளையும் இந்தப் பக்கம்தான் ரோசு. அந்தப் பக்கம் இல்ல."

இயந்திரம் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. சுரேன் அதை அணைத்தான்.

ரோசரி கையிலிருந்த மடக்கு நாற்காலியை மெல்லக் கீழே வைத்தாள். மேற்குப் பக்கத்து வேரையும் அதிலிருந்த பூவையும் திரும்பிப் பார்த்தாள். கஸ்பாருக்கு அவளுடைய கோபம் தெரியும், அழுகை தெரியும். இந்தப் பார்வை புதிது.

"அந்தப் பக்கம் என்னதான் இருந்துச்சு அப்ப?"

"ஒண்ணுமில்ல. வேரு."

"வேருக்கா நா இத்தன வருசம் கத சொன்னேன்? சமந்தா பாஸானத, நம்ம வீடு வாங்குனத, எல்லாத்தையும் வேருகிட்டயா சொன்னேன்?"

"நீ தெனமும் கேட்ட…"

"கேட்டா? தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே. தெரியலன்னு சொல்றதுக்கு என்னா நோவு உங்களுக்கு?"

 அவள் அவரைத் தாண்டி நடந்தாள். முப்பத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக மரத்தின் கிழக்குப் பக்கம் வந்து, வேர்கள் கிளம்பி நின்ற அந்தப் பிளவுக்கு நாலடி தள்ளி நின்றாள்.

"உள்ள லைட் அடிச்சுப் பாருங்க."

"தலைய உள்ள விடக்கூடாது ஆன்ட்டி, வேரு திரும்ப உக்காந்தா நசுக்கிடும்," என்றாள் தினேஸ்வரி. பிறகு, குரலைத் தணித்து, "சுரேன், ஒன் போனக் குடு. அந்த நீட்டுக் கம்பும் டேப்பும் எடு."

கைப்பேசியை விளக்கோடு கம்பின் நுனியில் ஒட்டி, படம் பிடிக்க வைத்து, பிளவுக்குள் மெல்ல நீட்டினார்கள். கம்பைப் பிடித்தது கஸ்பார். தினேஸ்வரியும் ஒரு கை கொடுத்தாள். நுனி முதல் நுனி வரை ஒரு தடவை போய்த் திரும்பியது. வெளியே எடுத்துத் துடைத்து, ரோசரியின் கையில் கொடுத்தார்கள். நாலு பேரும் அந்தச் சின்னத் திரையின் மேல் குனிந்தார்கள்.

முதலில் இருட்டு. பிறகு மண் தொங்கும் சல்லிவேர்கள். அதற்கும் மேலே தொடைப் பருமன் வேர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பின்னி, ஒரு பெரிய கூரையாக விரிந்திருந்தன. அந்தக் கூரையில் பழுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது.

மங்கு. உடையாமல், வாய் கீழ்நோக்கி. விரல் பருமனுள்ள வேர்கள் அதைச் சுற்றி வளைத்துப் பிடித்திருந்தன. மரம் சாய்ந்தபோது மண் கீழே நின்றுவிட, மரம் மங்கை விடாமல் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கிறது. பிள்ளைகள் கிடந்த இடத்தில் கிடக்க, அவற்றின் தலைக்கு மேல் கூரை மட்டும் உயர்ந்திருந்தது.

வெளிச்சம் மங்கின் உள்ளே போனது. உள்ளே ஒரு சிலுவை.

கஸ்பார் விரலை நீட்டினார். "இதுதான்," என்றார். "ரோசு, இதுதான். நாந்தான் கீறினேன். ஒளிச்சு…"

படம் நகர்ந்தது. இன்னொரு மங்கு. அதன் உள்ளேயும் ஒரு சிலுவை.

அதற்கடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். கோணலாக ஒன்று, ஒரே கோடு பலமுறை இழுத்து ஆழமாக ஒன்று, அவசரத்தில் குறுக்குக்கோடு பாதியில் நின்றுபோன ஒன்று. கஸ்பார் பார்த்துக்கொண்டேயிருந்தார். அவரோடு ஒன்றாக நின்று ரப்பர் பாலை எடை போட்டவர்கள், சாராயம் குடித்தவர்கள், சண்டை போட்டவர்கள். ஒவ்வொருவனும் தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டு, விடியற்காலைப் பனியில் குந்தி உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் கீறியிருக்கிறான். அந்த ரகசியத்தோடு செத்தும் போயிருக்கிறான்.

"பதினொண்ணு," என்றான் சுரேன். அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"அந்தக் கடைசியத் திருப்பிக் காட்டு," என்றாள் ரோசரி.

கடைசி மங்கில் இருந்த சிலுவை கீறல் அல்ல, செதுக்கல். நான்கு முனையிலும் மூன்று மூன்று இதழ், தலைப்பில் ஒரு சின்னப் பலகை. மாதா கோயில் கதவில் இருக்கும் அதே சிலுவை. தோட்டத்தில் அப்படிப் போடத் தெரிந்தவர் ஒருவர்தான்.

"உபதேசியார்," என்றாள் ரோசரி.

கஸ்பார் தலையசைத்தார். அந்தக் கண்டிப்பான மனிதர் எந்த வருஷத்தில், எந்த விடியலில் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தார்? கேட்க இப்போது யாருமில்லை. மேலே காற்று ஒருதரம் புரண்டு, மரம் முனகியது.

"நம்மளுது எது?"

"தெரியல ரோசு." இந்தத் தடவை அவர் அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "சத்தியமா தெரியல."

அவள் கைப்பேசியைச் சுரேனிடம் திருப்பிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் மரத்தையே அண்ணாந்து பார்த்தாள், அவர் எப்போதும் பார்ப்பதைப் போல. "மரம் நிக்கணும்," என்றாள். "என்னா செய்வீங்களோ செய்ங்க. ஆனா ஒரு பிள்ள மேலயும் அந்த இரும்பு படக்கூடாது."

தினேஸ்வரி அளந்தாள். கடைசி மங்கு அடிமரத்திலிருந்து நாலு மீட்டரில் இருந்தது. சிவப்புப் புள்ளிகள் பன்னிரண்டில். "இன்னும் ரெண்டு மீட்டர் தள்ளிப் போலாம். கேபிள் நீளம் போதும். ஆனா மண்ணுக்குள்ள கண்ணு இல்லயே அண்ணே."

"கை இருக்கு," என்றார் கஸ்பார்.

மண்ணின் ஈரம் பார்க்கிற மெல்லிய கம்பி ஒன்று லாரியில் கிடந்தது. அதை எடுத்துவந்து புதிய இடங்களில் முழங்காலிட்டு, ஒவ்வொரு சாண் இடைவெளியிலும் மெல்லக் குத்தி இறக்கினார். முதல் இடம் வெறும் மண். இரண்டாவது இடமும். மூன்றாவதில், முழங்கை ஆழத்தில், கம்பி எதையோ தொட்டு 'டிங்' என்றது.

கஸ்பார் கையை நிறுத்தினார். இவ்வளவு தூரத்திலா? மற்றவர்கள் போனதை எல்லாம் தாண்டி வந்து, இன்னும் தள்ளி, காட்டின் ஓரத்துக்கே கொண்டுவந்து வைத்தவன் யார்? தானாக இருக்கலாம். பனியில் எத்தனை அடி நடந்தோம் என்று அவருக்கு எப்போதுமே நினைவில்லை. வெறும் கல்லாகவும் இருக்கலாம். கஸ்பார் கம்பியை எப்படி இறக்கினாரோ அதைவிட மெதுவாக மேலே எடுத்தார். துளையைக் கட்டைவிரலால் மூடினார்.

"தோண்டிப் பாக்கவா அண்ணே?" சுரேன் மெல்லக் கேட்டான்.

ரோசரி வேண்டாம் என்று கையசைத்தாள். கஸ்பார் எழுந்து ஒன்றரை மீட்டர் வடக்கே நகர்ந்து மறுபடி முழங்காலிட்டார். அங்கே வெறும் மண்.

 தண்டுகள் திருகித் திருகி இறங்கின. மூன்று கம்பிவடங்களையும் இழுத்துக் கொக்கியில் மாட்டி, கஸ்பார் முறுக்கு வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று சுற்று.

"போதும்," என்றாள் தினேஸ்வரி. "நிமுத்தப் பாக்காதீங்க. இனிமே சாயாம இருந்தா போதும். கொஞ்சம் ஆடணும். ஆடினாத்தான் புது வேர் விடும்."

முதல் துளி அவள் தாளில் விழுந்தது. எல்லோரும் லாரிக்கு ஓடினார்கள்.

காற்று குன்றுகளிலிருந்து நேராக வந்தது, கிழக்கிலிருந்து மேற்காக, எது வரக் கூடாதோ அது. செம்பனைகள் தலைவிரி கோலமாகின. மரம் முழுவதுமாக ஒருதரம் முன்னே சென்றது. அந்தப் பிளவு வாய் திறந்தது. ரோசரி கஸ்பாரின் கையைப் பிடித்தாள். மூன்று வடங்களும் ஒரே நொடியில் விறைத்தன. லாரிக்குள் இருந்தும் அந்த ஓசை கேட்டது. கோயில் மணியின் கடைசி அதிர்வைப் போலக் கனத்த, தாழ்ந்த ஓசை. மண் பிடித்துக்கொண்டது. மரம் அங்கேயே நின்று, நடுங்கி, மெல்லப் பின்னால் வந்தது. மறுபடி போனது. மறுபடி வந்தது.

"யம்மாடி," என்றான் சுரேன்.

காற்று ஓய்ந்து மழை மட்டும் நின்று பெய்தது. தினேஸ்வரி போய் ஒவ்வொரு தண்டையும் குனிந்து பார்த்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். ஒன்றும் ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை.

ரோசரி குடையில்லாமல் இறங்கினாள். கஸ்பார் பின்னாலேயே போனார். அவள் கோயில் பக்கம் போகவில்லை. மூன்றாவது வடம் மண்ணுக்குள் போகிற இடத்தில், அந்தக் கட்டைவிரல் குழியிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, ஈரக் கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இழுக்குது," என்றாள்.

"ஆமா. மரம் ஆடுது."

"விடுது." சற்றுப் பொறுத்து, "மறுபடி புடிக்குது."

கஸ்பாரும் கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார். மேலே அத்தனை பெரிய மரம். கீழே மண்ணின் அந்த மூடிய பிடி. இரண்டுக்கும் நடுவில் ஓடிய வடம் அவர்கள் உள்ளங்கைக்குள் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.  மழை கழுத்துக்குள் வழிந்தது.

வெகுநேரம் கழித்து, அந்தக் கட்டைவிரல் குழியைப் பார்த்தபடி ரோசரி சொன்னாள்:

"அடுத்த தடவ மெழுகுவத்தி பன்னெண்டு வாங்கணும். மறந்துறாதீங்க."